கார்லைல் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகள் கார்லைல் விடுதிப் பள்ளியிலிருந்து எழுதிய கடிதங்களைப் பற்றி எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். முக்கால் மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன், கேள்விகள் மட்டுமே அதற்கு மேல் ஓடின. அதற்கப்புறம் தொலைபேசியிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

போர்டிங் ஸ்கூல்னா ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வசதியான வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற இடம்தானே? இது எந்த ஸ்கூல்?

இல்லை. இது அமெரிக்க அரசு தன் நாட்டுப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடத்திய விடுதிப் பள்ளி. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற சிறு நகரத்தில், பழைய ராணுவ முகாம் ஒன்றில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ல் தொடங்கினார். 1918-ல் மூடும்வரை 140-க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,800 பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். இதே அச்சில் கான்சாஸில் ஹாஸ்கெல், ஓக்லஹோமாவில் சிலாக்கோ, ஆரிகனில் செமாவா, கலிஃபோர்னியாவில் ஷெர்மன் என்று பல பள்ளிகள் வந்தன. நான் அதிகம் படித்தது கார்லைல் கோப்புகளை என்பதால் இங்கே பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன்.

பள்ளியின் நோக்கம் ஒளிவுமறைவாக இருந்ததில்லை. அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனை, அதாவது பழங்குடியை, கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று பிராட் 1892-ல் மேடையிலேயே பேசினார். வந்ததும் முடியை வெட்டினார்கள், சீருடை மாட்டினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். 1879-ல் முதல் கூட்டத்தோடு வந்த ஒரு லகோட்டா சிறுவனை, கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் கோலால் தொட்டுக்காட்டச் சொன்னார்கள். அவனுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அவன் தொட்ட பெயர் லூதர். பின்னாளில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற எழுத்தாளராக உலகம் அறிந்தது அவரைத்தான். அரை நாள் பாடம், அரை நாள் வேலை: பையன்களுக்கு வயல், தச்சு, கொல்லுப்பட்டறை, பெண்பிள்ளைகளுக்குத் துணி துவைப்பது, தைப்பது, சமையல். தாய்மொழியில் பேசக்கூடாது.

செவ்விந்தியர்னு சொல்லலாமா?

நம் பாடப்புத்தகங்களில் அப்படித்தான் படித்தோம். நான் இப்போது அமெரிக்கப் பழங்குடியினர் என்று சொல்கிறேன். முடிந்தால் அந்தந்த மக்களின் பெயரையே சொல்லிவிடுவது நல்லது: லகோட்டா, ஓஜிப்வே, ஹோப்பி, அப்பாச்சி என்று. அவர்கள் எல்லாரும் ஒரே மொழி பேசும் ஒரே கூட்டமில்லை. பள்ளியின் பெயரில் "இந்தியத் தொழிற்பள்ளி" என்று இருந்தது; அதுபோல அக்காலப் பெயர்களையும் பேச்சையும் அப்படியே சொல்லும் இடத்தில் மட்டும் இந்தியன் என்ற சொல் வரும்.

பெத்தவங்க எப்படி மனசு வந்து அனுப்பினாங்க? அதுவும் ரெண்டு மூணு பிள்ளைகளைச் சேர்த்து?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. முதலில் வற்புறுத்தல். பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு வரவைக்கும் அதிகாரம் 1891-ல் சட்டமானது. அனுப்பாத குடும்பத்துக்கு ரேஷனை நிறுத்தலாம் என்று 1893-ல் இன்னொரு சட்டம். வேட்டை நிலமெல்லாம் போய், அரசு தரும் மாவையும் மாட்டிறைச்சியையும் நம்பி இருந்த வீட்டில் ரேஷனை நிறுத்துவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹோப்பி மக்களில் 19 ஆண்கள், அரசின் திட்டங்களை எதிர்த்ததற்காக, முக்கியமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததற்காக, 1895-ல் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

ஆனால் 1900-க்குப் பிறகு வந்த கடிதங்களைப் படித்தால் வேறொன்றும் தெரியும். அம்மா இறந்துபோய் அப்பாவால் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத வீடுகள், காசநோய் வந்த வீடுகள், ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளி சேர்த்துக்கொள்ளாத வீடுகள். இவர்கள் தாங்களாகவே விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். மூத்தது போய்விட்டது, துணைக்கு இளையதும் போகட்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருந்தது. டகோட்டா எழுத்தாளர் ஜிட்கலா-ஷாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அண்ணன் மூன்று ஆண்டுகள் கிழக்கே படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அதைப் பார்த்துத்தான், மனம் ஒப்பாத அந்தத் தாய் 1884-ல் எட்டு வயது மகளையும் இண்டியானாவில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார். அந்த மகள் பிற்பாடு கார்லைலிலேயே ஆசிரியராக வேலை பார்த்து, அதைவிட்டு வெளியே வந்து, 1900-ல் அட்லாண்டிக் மாத இதழில் தன் பள்ளி நாட்களை எழுதினார். பிராட் தரப்புக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு எழுதணும்னு பிள்ளைங்களுக்கே தோணி எழுதினதா?

மாதம் ஒரு முறை வீட்டுக்கு எழுத வேண்டும் என்பது கார்லைலில் விதி. வகுப்பில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில், ஆசிரியர் பார்வையில் எழுத வேண்டும். பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வந்த நாளில் எழுதியது என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தால் முதல் பத்தியிலேயே ஏமாந்துபோவோம்.

அதற்காக உணர்ச்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். கட்டாயத்தின் பேரில் எழுத உட்கார்ந்த பிள்ளையும் நாலாவது வரியில் தன் குதிரைக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடும்.

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கே. "நான் நலம்"னு ஆரம்பிச்சு "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்"னு. அப்போ அது பொய்தானே?

நம் பாட்டன்மார் "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, அடுத்த வரியில் மாடு செத்த செய்தியை எழுதவில்லையா? அதே மாதிரிதான். நலம் என்பது செய்தி அல்ல, அது கடிதத்தின் வாசற்படி. ஆங்கிலம் புதிதாகக் கற்ற பிள்ளைக்கு அந்த வாசகம் கரும்பலகையிலிருந்து கிடைத்தது. பயமில்லாமல் எழுதக்கூடிய வாக்கியமும் அதுதான்.

அதனால் தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு நடுவில் பாருங்கள். யாரைப் பற்றி விசாரிக்கிறது, எந்தப் பெயரை இரண்டு முறை சொல்கிறது, போன மாதம் சொன்ன பெயர் இந்த மாதம் ஏன் காணவில்லை, இவைதான் விஷயம். எழுத்தையும் பாருங்கள். பென்சிலில் அழுத்தி அழுத்தி, கோட்டை விட்டு நகராமல் வந்த கையெழுத்து திடீரென்று ஒரு இடத்தில் சிறுத்து ஓரத்தில் ஏறிப்போகும். தாள் தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டியது தீரவில்லை.

கூடப்பிறந்தவங்க எழுதினதுல அப்படி என்ன தனி விசேஷம்?

எனக்கு இந்தக் கோப்புகளில் ஈடுபாடு வந்ததே இதனால்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை தனியாக எழுதினால், அது தன்னைப் பற்றி எதைச் சொல்லாமல் விட்டது என்று நமக்குத் தெரிய வழியில்லை. அதே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுதினால் ஒன்று மறைப்பதை இன்னொன்று சொல்லிவிடும். பெரும்பாலும் மூத்தது அம்மா கவலைப்படக்கூடாது என்று எல்லாம் சரியாக இருப்பதாக எழுதும். பத்து வயதுக்குள் இருக்கும் இளையதுக்கு அந்த நிதானம் கிடையாது. அக்காவை இப்போதெல்லாம் பார்க்க முடிவதில்லை என்று ஒரு வரியில் போட்டுவிடும். வீட்டில் அதைப் படிக்கக் கேட்ட தாய்க்கு அது போதும். உடனே பள்ளியை நடத்தும் கண்காணிப்பாளருக்குக் கடிதம் போகும், என் மூத்த மகள் ஏன் தம்பியைப் பார்க்கவில்லை, உடம்புக்கு என்ன என்று.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று பெற்றோர் ஆகிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயது அக்கா, தம்பியின் செருப்பு கிழிந்திருக்கிறது, இருமல் நிற்கவில்லை, கணக்கில் பரவாயில்லை என்று வீட்டுக்குக் கணக்குக் கொடுக்கிறாள். தன்னைப் பற்றி எழுத இடமே வைப்பதில்லை. வீட்டிலிருந்தும் அப்படித்தான்: சின்னவனைப் பார்த்துக்கொள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அவளுக்கு உத்தரவு. ஒரு தாய் தன் பிள்ளையிடம் தாயின் வேலையை ஒப்படைக்கும் காகிதங்கள் அவை. மேலோட்டமாகப் பார்த்தால் குசல விசாரிப்பு மாதிரித்தான் இருக்கும்.

ஒரே ஸ்கூல்லதானே இருந்தாங்க, தினமும் பார்த்துக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டடம், வயதுவாரியாகத் தனி அறை, தனி அணி, தனி வேலை நேரம். சர்ச்சிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் தூரத்தில் தலை தெரியும். ஒரே மொழி பேசுபவர்களை ஒரே அறையில் போடாமல் பார்த்துக்கொண்டார்கள். கூடப்பிறந்தவர்கள் பேசுவது தாய்மொழியில்தானே, அதுவும் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போனது.

அதற்கு மேல் "அவுட்டிங்" என்று ஒரு ஏற்பாடு. பெயரைப் பார்த்துச் சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கோடையிலும், சில சமயம் ஆண்டு முழுக்கவும், பென்சில்வேனியா, நியூஜெர்சி பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். பையன் பண்ணை வேலை செய்வான், பெண் வீட்டுவேலை செய்வாள். சிறு கூலி உண்டு, அதில் ஒரு பகுதியைப் பள்ளியே பிடித்து வைத்துக்கொள்ளும். அண்ணன் ஒரு மாவட்டத்தில், தங்கை இன்னொரு மாவட்டத்தில். அப்போது அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள், கண்காணிப்பாளருக்கும் எழுதினார்கள். என் தம்பி இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் என்னைப் போட முடியுமா என்று கேட்கும் வகைக் கடிதங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, யார் படிச்சுக் காட்டினாங்க?

ஊர் ஏஜென்ட் (பழங்குடிப் பகுதியைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அலுவலகத்து மொழிபெயர்ப்பாளர், பாதிரியார், கடைக்காரர், அல்லது முன்பே விடுதிப் பள்ளிக்குப் போய்த் திரும்பிய இளைஞர் யாராவது. அதாவது பள்ளியில் ஆசிரியர் கண் பட்ட கடிதம் ஊரில் இன்னொருவர் வாய் வழியாக வந்து சேர்ந்தது. அம்மாவின் பதிலும் அதே வழியில், யாரோ எழுதித்தந்து திரும்பிப் போனது. நம் கிராமங்களில் தபால்காரரே படித்துக்காட்டி பதிலும் எழுதிக்கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். சொல்ல நினைத்ததில் பாதியை வெட்கப்பட்டு விழுங்கிவிடுவார்கள்.

முழுக்க ஆங்கிலத்திலேயே நடந்தது என்றும் இல்லை. டகோட்டா, லகோட்டா மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் 1830-களிலிருந்தே பாதிரிமார் மூலம் பரவியிருந்தது, அதனால் அந்தப் பெற்றோர் சிலர் தம் மொழியிலேயே எழுதினார்கள். செரோக்கி மக்களுக்கு செக்வோயா 1821-ல் உருவாக்கிய சொந்த எழுத்தே இருந்தது. இவர்கள் எழுத்தறிவில்லாத கூட்டம், பள்ளி வந்துதான் கண் திறந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஸ்டாம்புக்குக் காசு?

1900-களில் சாதாரணக் கடிதத்துக்கு 2 சென்ட், அஞ்சலட்டைக்கு 1 சென்ட். போர்க்காலத்தில், 1917 நவம்பரில், 3 சென்ட் ஆனது. கேட்கச் சிறிய தொகை. கையில் காசே புழங்காத பிள்ளைக்கு அது சிறிதில்லை, விதிக்காக எழுதும் மாதக் கடிதத்தைத் தாண்டி ஒன்று எழுத வேண்டுமென்றால் தபால்தலைக்குக் காசு அனுப்பச் சொல்லி வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு எழுதின கடிதம் வீட்டுலதானே இருக்கணும்? அது எப்படி ஸ்கூல் ஃபைல்ல வந்தது?

கேட்டவர் ஓய்வுபெற்ற தாசில்தார் அலுவலக எழுத்தர். கோப்பு பார்த்தவர் கண் அது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடிதங்களைப் படிக்கக்கூடாது என்றே சொல்வேன்.

வீடு போய்ச் சேர்ந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. மரக்குடிசையிலும் கூடாரத்திலும் மழையும் நெருப்பும் இடமாற்றமும் பார்த்த காகிதம் எத்தனை நாள் தாங்கும்? சில குடும்பங்கள் மட்டும் பெட்டியில் பாதுகாத்து வைத்திருக்கின்றன. நமக்கு அதிகம் கிடைப்பது வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மாணவர் கோப்புகள். அவற்றில் இருப்பது பள்ளி அலுவலகத்துக்கு வந்த காகிதங்கள்: பெற்றோர் கண்காணிப்பாளருக்கு எழுதியவை, அவுட்டிங் வீட்டிலிருந்து பிள்ளைகள் அலுவலகத்துக்கு எழுதியவை, பள்ளியை விட்டுப் போனபின் பழைய மாணவர்கள் எழுதியவை, அப்புறம் எப்படியோ அலுவலகத்திலேயே தங்கிவிட்ட சில. பென்சில் கடிதத்துக்குப் பின்னாலேயே கண்காணிப்பாளரின் பதில் தட்டச்சில், கார்பன் நகலாக இருக்கும். பிள்ளையின் கடிதம் இரண்டு பக்கம், பதில் நாலு வரி.

ஆகவே நாம் கேட்கும் குரல் அலுவலகத்தை நோக்கித் திரும்பிப் பேசிய குரல். அம்மாவைப் பார்த்துப் பேசியது பெரும்பாலும் அம்மாவோடே போய்விட்டது. பிள்ளைகள் வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதைப் பல இடங்களில் பெற்றோரின் கோபத்திலிருந்துதான் நாம் ஊகிக்கிறோம்.

ஸ்கூல் பத்திரிகைலயே பிள்ளைங்க கடிதம் அச்சிட்டாங்களாமே, அதை நம்பலாமா?

கார்லைலில் அச்சகம் இருந்தது, மாணவர்களே எழுத்துக் கோத்தார்கள், வார இதழும் மாத இதழும் வந்தன. அவற்றில் பிள்ளைகளின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை எடுத்துப் போடுவார்கள். பிள்ளை முன்னேறுகிறது என்று காட்டுபவையாகப் பொறுக்கியெடுத்தவை அவை. பத்திரிகை சந்தாதாரர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் போனது. "இந்தியன் ஹெல்பர்" என்ற வார இதழில் இசைமேடை மனிதர் என்று ஒரு கற்பனைப் பாத்திரம் உண்டு. மைதானத்து மேடையில் நின்று எல்லாப் பிள்ளைகளையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறவராக அவர் எழுதுவார், யார் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்கள், யார் தாய்மொழியில் பேசினார்கள் என்று. வாரா வாரம் அதைப் படித்து வளர்ந்த பிள்ளை கடிதத்தில் எதை எழுதும், எதை எழுதாது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் வந்ததையும் தூக்கிப்போட வேண்டாம். தேதி, பெயர், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்ற தகவலுக்கு உதவும். மனசுக்குள் என்ன இருந்தது என்று அதில் தேடாதீர்கள்.

லீவுக்குக் கூடவா வீட்டுக்கு விடமாட்டாங்க?

பெற்றோர் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். பிள்ளையைச் சேர்க்கும்போது மூன்று ஆண்டு, பின்னாளில் ஐந்து ஆண்டு என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இடையில் வர வேண்டுமானால் கண்காணிப்பாளர் சம்மதிக்க வேண்டும், ரயில் கட்டணத்தைக் குடும்பம் கட்ட வேண்டும். தெற்கு டகோட்டாவில் லகோட்டா மக்கள் வாழும் ரோஸ்பட் பகுதியிலிருந்து கார்லைல் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஹாஸ்கெல், ஃப்ளாண்ட்ரோ போன்ற மற்றப் பள்ளிகளிலும் இதே கதை. அறுவடைக்கு ஆள் வேண்டும், பாட்டி படுக்கையில் இருக்கிறாள், இரண்டு பேரையும் அனுப்ப முடியாவிட்டால் சின்னவனையாவது அனுப்புங்கள் என்றெல்லாம் எழுதிக் கெஞ்சியிருக்கிறார்கள். படிப்பு கெட்டுவிடும் என்று பதில் வரும்.

பிரூலே லகோட்டா தலைவர் ஸ்பாட்டட் டெய்ல் 1880-லேயே நேரில் வந்து பார்த்தார், பார்த்தது பிடிக்கவில்லை, தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாத் தகப்பனுக்கும் அந்தப் பலம் இல்லை. அனுமதி கிடைக்காத பிள்ளைகளில் பலர் ஓடிப்போனார்கள். ஜிம் தோர்ப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கிய கார்லைல் மாணவர். சிறுவயதில் ஊர்ப்பக்கத்துப் பழங்குடிப் பள்ளியில் இரட்டைச் சகோதரன் சார்லியோடு படித்தார். ஒன்பது வயது வாக்கில் சார்லி காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அதற்கப்புறம் அந்தப் பையனைப் பள்ளியில் நிறுத்திவைக்க முடியவில்லை, திரும்பத் திரும்ப ஓடினான்.

உடம்பு சரியில்லாம போனா வீட்டுக்குச் சொல்லுவாங்களா?

சில சமயம் சொன்னார்கள், சில சமயம் தாமதமாகச் சொன்னார்கள், சில சமயம் மண்ணில் வைத்தபின் சொன்னார்கள். காசநோய்தான் பெரிய எமன். கண்ணைக் கெடுக்கும் டிராக்கோமாவும் பரவியது. நெருக்கமாகப் படுக்கை, போதாத சாப்பாடு, அரை நாள் வேலை, நோய் பரவ வேறென்ன வேண்டும்? இந்தப் பள்ளிகளை ஆராய்ந்த மெரியம் குழு, ஒரு பிள்ளையின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 11 சென்ட்தான் ஒதுக்கப்படுகிறது என்று 1928-ல் வெளியான அறிக்கையில் சொன்னது. நோய் முற்றிய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் வழக்கம். வீட்டில் இறந்தால் அது பள்ளியின் கணக்கில் வராது.

இங்கேதான் கூடப்பிறந்தவர்களின் கடிதத்தைப் படிக்கவே கை நடுங்குகிறது. தம்பி மருத்துவமனையில், அக்கா துணி துவைக்கும் கொட்டகையில். அவன் எப்படி இருக்கிறான் என்று வீட்டிலிருந்து இவளைக் கேட்கிறார்கள். இவளுக்குப் பார்க்க அனுமதி வாரத்தில் எத்தனை நிமிடமோ. நான் முன்னால் சொன்னேனே, தாயின் வேலையை ஒப்படைப்பது என்று. அந்த வேலையின் கடைசி நாளும் ஒரு சிறுமியின் தலையில்தான் விழுந்தது.

வரிகளுக்கு நடுவுல படிக்கிறேன்னு சொல்றீங்க. நீங்களா கற்பனை பண்ணிக்கலைன்னு எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். ஒரே ஒரு கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. அதே கோப்பில் மருத்துவக் குறிப்பு இருக்கிறதா, வந்த தேதியும் போன தேதியும் உள்ள அட்டை என்ன சொல்கிறது, கூடப்பிறந்தவரின் கோப்பில் அதே மாதம் என்ன இருக்கிறது, மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் பேசுவேன்.

ஆனால் இப்படிப் படிக்க எனக்குக் கற்றுத்தந்தது என் அம்மா. நானும் தம்பியும் இரண்டு ஆண்டு ஒரு விடுதியில் இருந்தோம். ஞாயிறு மாலை எல்லாரும் நீல நிற இன்லேண்ட் லெட்டரில் எழுதி, ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும். புகார் எதுவும் இருந்தால் திரும்பி வந்துவிடும். ஒருமுறை எனக்கு மஞ்சள் காமாலை, நோயாளி அறையில் தனியாகப் போட்டிருந்தார்கள். நான் "நலமாக இருக்கிறோம்" என்றுதான் எழுதினேன். ஏழு வயது தம்பி, "அண்ணன் இப்போ என்கூட சாப்பிட வர்றதில்ல, அவன் தட்டை நான்தான் வச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தான். அதில் புகார் எதுவும் இல்லையே, வார்டன் விட்டுவிட்டார். கடிதம் கிடைத்த அன்றே அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். அந்தத் தட்டு வரி உள்ள இன்லேண்ட் லெட்டர் இப்போதும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

அப்போ நம்ம ஹாஸ்டலும் அதுவும் ஒண்ணுதானே? நாமளும் அழுதோம், படிச்சோம், ஆளானோம்.

ஒன்று இல்லை. எங்கள் அம்மா நாலு மணி நேரத்தில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது, யாரும் ரேஷனை நிறுத்தவில்லை. எங்கள் விடுதியில் கண்டிப்பு இருந்தது, ஆனால் தமிழ் பேசியதற்காக யாரும் சோப்புப் போட்டு வாயைக் கழுவவில்லை, எங்கள் பெயரைப் பிடுங்கி வேறு பெயர் வைக்கவில்லை. கார்லைலின் குறி பிள்ளையை வீட்டுக்குத் திரும்பவும் பொருந்தாதவனாக ஆக்குவது. கடிதங்களில் அதுவும் தெரிகிறது: நாலு ஐந்து ஆண்டு ஆன பிள்ளை, ஊரில் எல்லாரும் இன்னும் பழைய மாதிரிதான் இருக்கிறீர்களா என்று எழுத ஆரம்பிக்கும். வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியாமல் போகிறது.

சந்தோஷமா இருந்தவங்களும் இருந்திருப்பாங்கல்ல? அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

இருந்தார்கள், சொல்கிறேன். அமெரிக்க பாணிக் கால்பந்தாட்டம், பேண்டு வாத்தியம், வேற்று இனத்துப் பிள்ளைகளோடு வாழ்நாள் நட்பு, அங்கேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், எல்லாம் உண்டு. பழைய மாணவர்கள் பாசத்தோடு எழுதிய கடிதங்கள் கோப்புகளில் நிறைய. தன் தம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று படித்து முடித்த அண்ணன் எழுதியதும் உண்டு. அதே மாணவர்கள்தான் பள்ளி நிர்வாகத்தை எதிர்த்து மனு எழுதி, 200-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு, 1914-ல் நடந்த நாடாளுமன்ற விசாரணைக்கு வழிசெய்தார்கள். இடத்தை நேசித்தவர்களே அதன் அநியாயத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளினால் அவர்களை நாம் மறுபடியும் குறைத்துவிடுகிறோம்.

அரசாங்கம் இதுக்கு என்ன சொல்லுது இப்போ?

உள்துறை அமைச்சகத்தின் விசாரணை 2021-ல் தொடங்கி 2024-ல் முடிந்தது. அரசு நடத்திய அல்லது ஆதரித்த 417 பள்ளிகளையும், குறைந்தது 973 பிள்ளைகளின் மரணத்தையும் அது பதிவு செய்தது. 2024 அக்டோபரில் அதிபர் பைடன் மன்னிப்புக் கேட்டார், டிசம்பரில் கார்லைல் பள்ளி இருந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அந்த வளாகத்தில் இன்று ராணுவப் போர்க்கல்லூரி நடக்கிறது. பள்ளியில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகளை 1927-ல் ஒருமுறை இடம் மாற்றியிருந்தார்கள், சில கற்களில் பெயர் தப்பு, சிலவற்றில் பெயரே இல்லை. 2017-லிருந்து குடும்பங்கள் கேட்டுக்கொண்டபடி எலும்புகளைத் தோண்டியெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 2021-ல் ரோஸ்பட்டுக்கு ஒன்பது பிள்ளைகள் திரும்பினார்கள், 140 ஆண்டுக்குப் பிறகு.

நானே படிக்கணும்னா முடியுமா?

முடியும், காசில்லாமல். கார்லைலில் உள்ள டிக்கின்சன் கல்லூரி, மாணவர் கோப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு பிள்ளையைத் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். அண்ணனுக்கு அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார்கள், தங்கைக்கு வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு குடும்பம் போலத் தெரியும். இனம், ஊர், வந்து சேர்ந்த தேதி மூன்றையும் பொருத்திப் பாருங்கள். ஒரே ரயிலில் வந்தவர்கள் ஒரே தேதியில் இருப்பார்கள். கையெழுத்து முதலில் புரியாது, பத்துக் கடிதம் பார்த்தால் கண் பழகிவிடும்.

செத்துப்போன பிள்ளைங்களோட சொந்தக் கடிதத்தை நாம படிக்கிறது சரியா? அது அந்தக் குடும்பத்து சொத்துதானே?

இதைக் கேட்டது பத்தாம் வகுப்பு மாணவி. அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். ஆமாம், முதல் உரிமை அந்தக் குடும்பங்களுக்குத்தான். இந்தக் கோப்புகளை இன்று அதிகம் தேடுபவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இருக்கிறார்கள். பாட்டியின் கையெழுத்தை முதன்முதலாகப் பார்க்கும் இடம் பலருக்கு அதுதான். நல்லெண்ணத்தோடு பார்த்தாலும் நாம் அங்கே வெளியாள்தான்.

நான் கடைப்பிடிப்பது இவ்வளவு. பொதுவெளியில் எழுதியும் பேசியும் தெரிந்தவர்களைத் தவிர எந்தப் பிள்ளையின் பெயரையும் கூட்டத்தில் சொல்வதில்லை, கடிதத்தை முழுதாக வாசிப்பதில்லை, இறந்த பிள்ளையின் படத்தைத் திரையில் போடுவதில்லை. அந்த மாணவி பின்னர் ஒரு கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். உட்கார்ந்து காட்டினேன். இரண்டு சகோதரிகளின் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னவள் எப்போது ஊர் திரும்பினாள் என்று கேட்டாள். அட்டையில் தேதி இருந்தது. இருவருக்கும் ஒரே தேதி.